கூட்டுக்கு அடுத்த வசனம்

எங்கள் சபைக்குப் புதிதாக வந்திருக்கும் போதகர் இளவயதுக்காரர். சுற்றுச்சூழல் ஞாயிறு அன்று, இயற்கையைப் பேணுவது பற்றி வேதாகமம் என்ன சொல்கிறது என்று நான்தான் பேச வேண்டும் என வீட்டுக்கே வந்து உட்கார்ந்துவிட்டார். நான் வேதசாஸ்திரம் படித்தவன் இல்லை. திருவனந்தபுரத்தில் மின்கம்பங்களில் ஏறி இறங்கி, லைன்மேனாக இருந்து ஓவர்சியராகி ஓய்வு பெற்றவன். ஞாயிறுதோறும் ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்கு வசனம் சொல்லிக்கொடுப்பேன், அவ்வளவுதான் என் தகுதி.

"எனக்குத் தெரிஞ்சது ஒரே ஒரு மரமாக்கும் பாஸ்டரே" என்றேன்.

"அப்ப அந்த மரத்தைப் பத்தியே பேசுங்க" என்றார்.

பேசினேன். அன்று சபைக் கோயிலில் நடந்ததைக் கடைசியில் சொல்கிறேன். மின்வாரிய செக்ஷன் ஆபீசில் இப்போது வேலை பார்க்கும் பிள்ளைகளும் அந்த மரத்தின் கதையைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கழக்கூட்டம் பக்கமெல்லாம் கேபிள் மண்ணுக்கு அடியில் போய்விட்டது. மற்ற இடங்களில் தொட்டில் வைத்த வண்டி வந்து ஆளை மேலே தூக்கிவிடுகிறது. மழைக்காலத்தில் மரமும் கம்பியும் எங்களை எப்படி ஆட்டி வைத்தன என்பது அவர்களுக்குக் கதைபோல இருக்கிறதாம். அதனால் எழுதுகிறேன்.

மார்த்தாண்டத்துக்குப் பக்கத்து ஊரிலிருந்து வேலை தேடி பஸ் ஏறி வந்தவன் நான். முதலில் கம்பம் நடக் குழி தோண்டினேன், பிறகு கம்பி இழுத்தேன், பிறகு கம்பத்தில் ஏறினேன். பயந்தவன் பிழைப்பான் என்று எனக்குச் சொல்லித்தந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். நான் நன்றாகப் பயந்தேன், நன்றாகப் பிழைத்தேன்.

எங்கள் வேலையில் 'டச்சிங் வெட்டு' என்று ஒன்று உண்டு. ஜூன் மாதத்து இடவப்பாதி மழை தொடங்குவதற்கு முன்னால், கம்பியைத் தொடுகிற கிளைகளையெல்லாம் வெட்டித் தள்ளுவது. நனைந்த கிளை கம்பியில் உரசினால் மின்சாரம் மரம் வழியே இறங்கும். கீழே நிற்பவன் கதி அதோகதிதான். ஆகவே வெட்டுவது பாவமில்லை, வெட்டாமல் விடுவதுதான் பாவம். ஆனால் கம்பிக்கு எட்டுகிற தூரத்தில் உள்ள கிளையைத்தான் வெட்டுவோம். அதற்கு மேலே என்ன இருக்கிறது என்று பார்க்க எங்களுக்கு நேரமும் கிடையாது, வழக்கமும் கிடையாது. இந்த வழக்கத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

எனக்கு வாய்த்த அசிஸ்டன்ட் எஞ்சினீயர் ராமசேஷன் சார். வலியசாலை அக்கிரகாரத்துக்காரர். ஒல்லி உடம்பு, கணீரென்ற குரல். வேலை தொடங்கும் முன் அவர் நடத்துகிற சடங்கைப் பார்த்தால் யாகசாலையே தோற்றுப்போகும். கம்பத்தின் உச்சியில் லைனைத் துண்டிக்கும் ஏபி சுவிட்ச் இருக்கும், கீழே உள்ள கைப்பிடியை இழுத்து நாங்கள் அதைத் திறப்போம். இணைப்பு விலகிவிட்டதைக் கண்ணால் பார்த்து உரக்கச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு அவரே கைப்பிடியில் பூட்டுப் போடுவார். பிறகு டெஸ்ட் கோலால் கம்பியைத் தொட்டு உயிர் இல்லை என்று பார்க்க வேண்டும். வேலை செய்கிற இடத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், தப்பி வரும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கிவிடும் எர்த் ராடு மாட்ட வேண்டும். ஒன்று குறைந்தாலும் யாரும் மேலே ஏற முடியாது.

பூட்டின சாவியை அவர் சட்டைப் பையில் போட மாட்டார். சட்டைக்குள் கையை விட்டுப் பூணூலில் முடிந்துகொள்வார். பை கிழியலாம், சட்டை மாறலாம், இது உடம்பை விட்டுப் போகாது என்பது அவர் கட்சி. நாங்கள் முதுகுக்குப் பின்னால் சிரிப்போம். ஆனால் அந்தச் சாவி அவர் பூணூலில் கிடக்கிற வரைக்கும் எங்கள் பெண்டாட்டிமார் தாலிக்கு ஆபத்தில்லை என்பது எல்லாருக்கும் தெரியும்.

ஒரு தடவை அவர் வீட்டுக் கொல்லையிலேயே ஒரு பலாக்கிளை கம்பியைத் தொட்டது. சொந்த வீடு என்று சலுகை கிடையாது. அங்கேயும் அதே சடங்குதான். காய்க்கிற மரம், அதனால் கணுவுக்குச் சற்றுத் தள்ளிப் பார்த்து வெட்டினேன். வெட்டிக்கொண்டே, எங்கள் வேதத்தில் ஒரு ஊரை முற்றுகை போட்டால்கூடப் பழமரத்தில் கோடாலி வைக்கக் கூடாது என்று இருக்கிறது சார் என்றேன்.

கீழே இருந்து பதில் வந்தது: "உபாகமம். மரம் என்ன உன் எதிரியா, அதோட சண்டை போடறதுக்குன்னு கேக்கறதே, அந்த இடம்தானே?"

எனக்குப் பிடி நழுவிவிட்டது. பிறகுதான் விஷயம் தெரிந்தது. அவர் படித்தது மிஷன் பள்ளிக்கூடம். வேதபாடத்துக்குத் தனிப் பரீட்சை உண்டாம். கிறிஸ்தவப் பிள்ளைகளையெல்லாம் பின்தள்ளி வருஷா வருஷம் பரிசு வாங்கியது இந்த அக்கிரகாரத்துப் பிள்ளை. அன்றிலிருந்து நான் வசனம் சொன்னால் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வேன்.

இனி அந்த மரம்.

எங்கள் செக்ஷனில் ஒரு தெருமுக்கில் பெரிய மழைமரம் ஒன்று குடைபோல நின்றது. தூங்குமூஞ்சி மரம் என்றால் நம் ஊர்க்காரர்களுக்குப் புரியும். அதற்குக் கீழே பஸ் ஸ்டாப், காலையிலும் சாயங்காலமும் பள்ளிப் பிள்ளைகள். பக்கத்தில் ஓமனாவின் சாயாக்கடை. உயர் அழுத்தக் கம்பி மரத்தின் உள்ளே புகுந்து அந்தப் பக்கம் போய், ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்கும் ஒரு குடியிருப்புக்கும் மின்சாரம் கொடுத்தது.

அந்த வருஷம் எங்கள் டச்சிங் வெட்டு தாமதமாகிவிட்டது, மழை முந்திக்கொண்டது. துறட்டியும் கத்தியுமாக நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மரம் முழுக்கக் கொக்கும் நீர்க்காகமும் கூடு கட்டியிருந்தன. கம்பியை ஒட்டிய பச்சைக் கிளைகளில்தான் அதிகம். நிமிர்ந்து பார்த்தால் கூட்டின் விளிம்பில் சின்னச் சின்ன அலகுகள். மழை பெய்யும்போது தாய்க்கொக்கு சிறகை விரித்துக் குஞ்சுகளை மூடிக்கொண்டு நனைந்துகொண்டே இருந்தது. என் கை கத்தியை எடுக்கவில்லை. வெட்டினால் அத்தனையும் தார் ரோட்டில் விழுந்து சாகும். வெட்டாவிட்டால் கீழே நிற்கிற பிள்ளைகளில் எது சாகும் என்று சொல்ல முடியாது. கிளை நனைந்த நேரங்களில் கம்பியில் பொறி பறப்பதை ஓமனா பார்த்திருந்தாள்.

அந்தக் குடியிருப்புச் சங்கத்தின் செக்ரட்டரி டானியல் சார். எங்கள் சபைக்காரர், பெரிய உத்தியோகத்தில் இருந்தவர். எச்சம் விழுந்து அவர் காரின் நிறமே மாறிவிட்டது. கிளையை அல்ல, மரத்தையே வெட்ட வேண்டும் என்று மேலிடம் வரை சொல்லிவிட்டார்.

"ஞானசிகாமணி, மனுஷனுக்குத்தான் ஆண்டவர் ஆளுகை கொடுத்திருக்கார். சமுத்திரத்து மீன், ஆகாயத்துப் பறவை எல்லாம் நமக்குக் கீழே. ஆதியாகமம் முதல் அதிகாரத்திலேயே இருக்கு. நீர் ஓய்வுநாள் பள்ளி நடத்துறவர், உமக்குத் தெரியாதா?" என்றார்.

"இருக்கு சார். ரெண்டாம் அதிகாரத்தில தோட்டத்தைப் பண்படுத்தவும் காக்கவும்தான் மனுஷனை வச்சார்ன்னும் இருக்கு" என்றேன்.

"வேதப்பாடம் பிறகு வச்சுக்கலாம். நாளைக்கு வெட்டணும்" என்றார். மரத்தைப் பிறகு பார்க்கலாம், கம்பியைத் தொடுகிற கிளைகளை நாளைக்கே வெட்டு என்று மேலிடத்தில் இருந்தும் உத்தரவு வந்துவிட்டது.

செக்ஷன் ஆபீசில் ராமசேஷன் சார் முன்னால் போய் நின்றேன். அவர் அடுத்த வருஷம் ஓய்வு பெற இருந்தவர். நான் நேரடியாக விஷயத்துக்கு வந்தேன். வழியில் பறவைக்கூட்டைக் கண்டால் தாயையும் குஞ்சையும் சேர்த்துப் பிடிக்கக் கூடாது என்று எங்கள் வேதத்தில் சட்டமே இருக்கிறது சார், உபாகமம் இருபத்திரண்டாம் அதிகாரம் என்றேன்.

அவர் பேனாவை மூடினார். "ஆறாம் வசனம், ஏழாம் வசனம். ஆனா ஓய், அதுல குஞ்சை எடுத்துக்கலாம்னுன்னா இருக்கு? தாயை மாத்திரம்தானே விடச் சொல்றது?"

உண்மைதான். பிள்ளைகளுக்குச் சொல்லும்போது அந்தத் துண்டை நான் மெதுவாக விழுங்கிவிடுவேன். ஆனால் அந்த நேரத்தில் கர்த்தர் எனக்கு ஒரு பதிலைத் தந்தார் என்றுதான் சொல்வேன்.

"எடுக்கதுக்குச் சொன்னது பசிக்குத் திங்கதுக்கு சார். அப்பவும் தாயை விடணும், அப்பத்தான் அந்த இனம் அத்துப்போகாது. நாம வெட்டித் தரையில போட்டா யாரு திங்கப் போறா? அது வெறும் நாசமாக்கும்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபமா, மெச்சுகிறாரா என்று தெரியவில்லை.

"சரி, ஏழோட ஏன் நின்னுட்டீர்? எட்டாம் வசனம் என்ன?"

எனக்கு நினைவில்லை. அவருக்கு இருந்தது. புது வீடு கட்டினால் மொட்டைமாடிக்குக் கைப்பிடிச்சுவர் வைக்க வேண்டும். யாராவது விழுந்து செத்தால் அந்த இரத்தப்பழி வீட்டுக்காரன் மேல் வரும் என்பதுதான் கூட்டுக்கு அடுத்த வசனம்.

"கூட்டைப் பத்திச் சொன்ன வாய் மூடறதுக்குள்ள மாடியைப் பத்திச் சொல்லியிருக்கு. அந்த பஸ் ஸ்டாப்ல நிக்கற கொழந்தைகளுக்கு நாமதான் ஓய் கைப்பிடிச்சுவர். ஏழாம் வசனத்தைக் காப்பாத்தறேன்னு எட்டை மீற என்னால ஆகாது. எட்டைச் சொல்லி ஏழை மீறறதும் சரியில்லே. ரெண்டையும் காப்பாத்த வழி இருக்கான்னு பார்க்கணும். வாரும்."

லைன் படத்தை மேஜையில் விரித்தோம். அவர் ஒரு பக்கம் விரலை வைத்தார், நான் மறுபக்கம். மரத்துக்கு முன்னால் இருக்கிற கம்பத்தில் ஏபி சுவிட்ச் இருக்கிறது, அதைத் திறந்து பூட்டலாம். மரத்துக்கு அடுத்த கம்பத்தில் கம்பியோடு கம்பியை இணைக்கிற ஜம்பரைக் கழற்றிவிடலாம். அப்போது மரத்துக்குள்ளே ஓடுகிற கம்பி மட்டும் இரண்டு முனையும் அறுந்த செத்த கம்பியாகிவிடும். அதற்கு அப்பால் இருக்கும் ஆஸ்பத்திரிக்கும் குடியிருப்புக்கும் வேறொரு லைனிலிருந்து பின்பக்கமாக மின்சாரம் கொடுக்கலாம். வேறு வழி தேடி வெகுநேரம் விரல்கள் அலைந்து கடைசியில் அங்கேயே வந்து நின்றன.

சிக்கல் ஒன்றுதான். அந்த மற்ற லைன் ஏற்கெனவே மூச்சுமுட்ட ஓடிக்கொண்டிருந்தது. சாயங்காலங்களில் வோல்டேஜ் தாழும். அது பாரம் தாங்காமல் விழுந்தால் ஆஸ்பத்திரி இருட்டாகும். அப்போது, கொக்குக்காக மனிதரை இருட்டில் போட்டவர் என்ற பெயரோடுதான் ராமசேஷன் சார் வீட்டுக்குப் போக வேண்டியிருக்கும்.

"குஞ்சு பறக்க எத்தனை நாளாகும்?" என்று கேட்டார். அது எனக்குத் தெரியாது. இருவரும் ஓமனாவிடம் போனோம்.

"ஓணத்துக்கு முன்னே பறந்து போகும் சாறே. எல்லா வருஷமும் அப்படித்தன்னே. எச்சம் விழுந்தா நான் தார்ப்பாய் கெட்டிக்கும். பாவம், அதுக்கும் வீடு வேணும் அல்லே?" என்றாள்.

சார் மேலிடத்துக்குப் போன் செய்தார். பக்கத்தில் நின்று கேட்டேன். பிள்ளைகளுக்கு ஆபத்து நாளைக்கு அல்ல, இன்றைக்கே தீர்கிறது, பொறுப்பு என்னுடையது, மரத்தை ஓணத்துக்குப் பிறகு கத்தரிக்கிறேன் என்றார். குரலில் நடுக்கமே இல்லை. அந்தப் பக்கத்திலிருந்து சம்மதம் வந்தது. மழைச்சாரலில் நாங்கள் போய்ச் சுவிட்சைத் திறந்தோம், ஜம்பரைக் கழற்றினோம். சார் பூட்டைப் போட்டுச் சாவியைப் பூணூலில் முடிந்தார்.

அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் அந்த மற்ற லைனின் இணைப்புகளைச் சுற்றிப் பார்ப்பது என் வேலையாயிற்று. எங்காவது சூடேறுகிறதா, வோல்டேஜ் எவ்வளவு என்று பார்த்து ஆபீசில் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். டானியல் சார் நாள் தவறாமல் போன் செய்வார். ஏசி மூச்சு வாங்குகிறதாம், மிக்சி முனகுகிறதாம். ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலிலும் விட மாட்டார். "உம்ம கொக்கு எப்படி இருக்கு?" என்று நாலு பேர் முன்னால் கேட்பார். சிரிப்பார்கள். எனக்கு வலித்தது, மறைக்கவில்லை.

ஆளுகை என்ற சொல்லை அந்த நாட்களில்தான் நான் நன்றாக யோசித்தேன். எங்கள் தொழிலில் சுவிட்ச் யார் கையில் இருக்கிறதோ அவனுக்குத்தான் லைன் மேல் அதிகாரம். அதிகாரம் என்றால் நினைத்தபோது இழுக்கலாம் என்று அர்த்தமில்லை. அந்தக் கம்பியில் தொங்குகிற ஒவ்வொரு உயிருக்கும் அவன்தான் பதில் சொல்ல வேண்டும். பூமியை ஆண்டுகொள்ளச் சொன்னவர் சாவியைக் கொடுத்திருக்கிறார், அவ்வளவுதான். நிலம் அவருடையது என்று லேவியராகமத்தில் தெளிவாக இருக்கிறது. அதற்கும் ஓய்வு வருஷம் உண்டு. வெள்ளம் வடிந்த பிறகு நோவாவோடு மட்டும் அவர் உடன்படிக்கை செய்யவில்லை, பேழையிலிருந்து இறங்கிய பறவையோடும் மிருகத்தோடும் சேர்த்துத்தான் செய்தார். சங்கீதத்தில் தேவதாரு மரம் கொக்கின் வீடு என்று வருகிறது. எங்கள் முக்கில் தேவதாரு இல்லை, மழைமரம்தான். கொக்கு ஒன்றும் குறை சொல்லவில்லை.

ஆவணி அவிட்டம் வந்தது. ராமசேஷன் சார் புதுப் பூணூல் போட்டுக்கொண்டு, பழையதிலிருந்த சாவியை அவிழ்த்துப் புதியதில் முடிந்துகொண்டு வந்தார். சாஸ்திரிகள் ஒரு மாதிரி பார்த்தாராம். குஞ்சுகள் அதற்குள் நன்றாக வளர்ந்து, கூட்டை விட்டுக் கிளையில் நடக்கத் தொடங்கியிருந்தன. சில பறந்தும் விட்டன. டானியல் சார் நேரில் ஆபீசுக்கு வந்தார்.

"பெரும்பாலும் பறந்தாச்சு, இனி லைனைச் சேர்க்க வேண்டியதுதானே?"

"எல்லாம் பறந்து போகட்டும். பெரும்பாலும்ங்கற கணக்கு எனக்கு ஆகாது" என்றார் சார்.

அந்த வாரத்திலேயே ஒரு சாயங்காலம், பள்ளி விட்ட நேரம், காற்று எழும்பியது. நான் மற்ற லைனைப் பார்த்துக்கொண்டிருந்த இடத்திலிருந்து அந்த முக்கு கூப்பிடு தூரம். மரம் முறியும் சத்தமும் பிள்ளைகளின் அலறலும் சேர்ந்து கேட்டது. ஓடினேன்.

மழைமரத்தின் உச்சியில் பட்டுப்போன பெரிய கொம்பு ஒன்று இருந்திருக்கிறது. அது முறிந்து கம்பியின் மேல் விழுந்து, கம்பியை அறுத்து, பஸ் ஸ்டாப்பின் மேல் கொண்டுவந்து போட்டிருந்தது. நனைந்த தரை, தகரக் கூரை, நடுவில் பிள்ளைகள். அவர்களோடு மழைக்கு ஒதுங்கி நின்ற டானியல் சார். அறுந்த கம்பி அவருடைய குடைக்கம்பியில் சுற்றிக் கிடந்தது. குடையைக் கையில் பிடித்தபடி, முகத்தில் இரத்தமே இல்லாமல், சிலைபோல நின்றார்.

"யாரும் அனங்கண்டா! மாறி நிக்கு!" என்று ஓமனா, உள்ளே நிற்பவர்களை அசையாதே என்றும் ஓடி வருகிறவர்களை விலகி நில் என்றும், கடையிலிருந்து கத்திக்கொண்டிருந்தாள்.

செத்த கம்பி என்று எனக்குத் தெரியும். தெரிந்தாலும் சடங்கு சடங்குதான். எல்லாரையும் அப்படியே நிற்கச் சொன்னேன். என் பின்னாலேயே வந்து நின்ற செக்ஷன் வண்டியிலிருந்த டெஸ்ட் கோலால் தொட்டுப் பார்த்தேன். எர்த் ராடு மாட்டினேன். பிறகுதான் வெறுங்கையால் கம்பியைத் தூக்கி டானியல் சாரின் குடையை விடுவித்தேன். பிள்ளைகள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். ஒரு பிள்ளைக்கு முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். வேறு ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. அந்த இடத்திலேயே அழுதேன், சத்தமாகவே அழுதேன்.

அதற்குள் ஜீப் வந்து நின்றது. ராமசேஷன் சார் இறங்கினார். அவரிடம் டானியல் சார் கேட்ட முதல் கேள்வி, "லைன் ஓடலியா?"

சார் சட்டையின் மேல் பட்டனைக் கழற்றினார். பூணூலை வெளியே இழுத்தார். அத்தனை பேரும் பார்க்க அந்தச் சாவி மழையில் ஆடியது.

"எங்கிட்டதான் இருக்கு" என்றார்.

பிறகு நாங்கள் இருவரும் மரத்தை நிமிர்ந்து பார்த்தோம். முறிந்த கொம்பு பட்ட கொம்பு, அதில் ஒரு கூடும் இல்லை. கூடுகள் இருந்த பச்சைக் கிளைகள் அப்படியே இருந்தன, குஞ்சுகள் அவற்றைப் பிடித்துக்கொண்டு காற்றில் ஊசலாடின. உத்தரவுப்படி முதல் நாளே வெட்டியிருந்தால் கம்பியைத் தொட்ட அந்தப் பச்சைக் கிளைகளைத்தான் வெட்டியிருப்போம். மேலே இருந்த பட்ட கொம்பை எங்கள் வழக்கப்படி யாரும் பார்த்திருக்க மாட்டோம். லைனுக்கும் உயிர் கொடுத்திருப்போம். அந்தச் சாயங்காலம் அது உயிருள்ள கம்பியாகப் பிள்ளைகள் மேல் விழுந்திருக்கும். ஏழாம் வசனத்துக்காகச் செய்தது எட்டாம் வசனத்தை நிறைவேற்றியது. இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

கடைசிக் குஞ்சும் பறந்துவிட்டதை ஓமனாவே ஆபீசுக்கு வந்து சொன்னாள். ஓணத்துக்கு முன்னாலேயே மரத்தைப் பக்குவமாகக் கத்தரித்து, பட்ட கொம்புகளை முதலில் இறக்கி, வெறுங்கம்பிக்குப் பதிலாக உறை போட்ட கேபிளை இழுத்தோம். அதற்காக மேலிடத்துக்கு நடையாய் நடந்தவர் யார் தெரியுமா? டானியல் சார். சுவிட்சைப் போடுகிற நாள் ராமசேஷன் சார் பூணூலிலிருந்து சாவியை அவிழ்த்து என் உள்ளங்கையில் வைத்தார். "நீர் போடும்" என்றார். கைப்பிடியைத் தள்ளினேன். அந்த முக்கில் மங்கிக் கிடந்த விளக்குகள் பளிச்சென்று எரிந்தன. டச்சிங் வெட்டுக்குப் போகிறவன் முதலில் மரத்தின் உச்சியைப் பார்க்க வேண்டும், கூடு இருந்தால் ஆபீசில் சொல்ல வேண்டும் என்பது அன்றிலிருந்து எங்கள் செக்ஷனின் சடங்கில் சேர்ந்துகொண்டது. அடுத்த மழைக்குக் கொக்குகள் திரும்பி வந்தன, முன்னைவிட அதிகமாகவே.

சுற்றுச்சூழல் ஞாயிறு ஆராதனைக்கு ராமசேஷன் சாரையும் அழைத்திருந்தேன். இப்போது கைத்தடி ஊன்றித்தான் நடக்கிறார். வேட்டியும் மடித்துத் தோளில் போட்ட நேரியலுமாகக் கடைசி வரிசையில், டானியல் சாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் கதையைச் சொல்லி முடித்து வேதாகமத்தைத் திறந்தேன். பறவைக்கூட்டைப் பற்றிய ஆறாம் வசனத்தை வாசித்தேன், ஏழாம் வசனத்தை வாசித்தேன். இந்தத் தடவை குஞ்சைப் பற்றிய துண்டை விழுங்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொள்ளக் கொஞ்சம் நிறுத்தினேன்.

கடைசி வரிசையிலிருந்து அந்தக் கணீர்க் குரல் வந்தது.

"ஏன் ஓய் நின்னுட்டீர்? எட்டையும் வாசியும்!"

சபை முழுவதும் சிரித்தது. போதகர் சிரித்தார், டானியல் சார் கைதட்டியே விட்டார். நான் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எட்டாம் வசனத்தை உரக்க வாசித்தேன்.